பழைய பைக்கின் ஃப்ளைவீலை கிராங்க் கெடாமல் கழற்றுவது: முழுமையான வழிகாட்டி

கிராங்க் தண்டின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். அதைப் பிடித்து வைத்திருப்பது நட் என்றுதான் புதிதாக வேலை பழகுகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். நட் கழன்ற பிறகும் வீல் அசையவில்லை என்றதும் சுத்தியலைத் தேடுவது அதனால்தான். உண்மையில் அதைப் பிடித்திருப்பது டேப்பர். கிராங்கின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டின்) முனை கூம்பாகச் சரிந்திருக்கும். வீலின் நடுத்துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். நட்டின் வேலை ஒன்றை மற்றொன்றுக்குள் இறுக்கி ஏற்றுவது மட்டும். ஏறி இறுகிவிட்டால் நட் இல்லாமலே இரும்பை இரும்பு கவ்விக்கொண்டு நிற்கும். நடுவில் உள்ள அரைவட்டக் கீகூட பாரம் தாங்குவதற்கு வைத்ததல்ல. டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) சரியான இடத்தில் அமர்வதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் வரிசையின் காரணம் தானாகவே விளங்கும். டேப்பரின் பிடியை நேர்கோட்டில் இழுத்து விடுவிக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்புவதும் முனையில் அடிப்பதும் அந்தப் பிடியை விடுவிக்காது, வேறெதையாவது உடைக்கும்.

இங்கே சொல்வது எஞ்சினின் பக்கவாட்டில், மூடிக்குள் இருக்கும் வெளி ஃப்ளைவீலைப் பற்றி. உள்வட்டத்தில் காந்தங்கள் இருப்பதால் பட்டறையில் இதை "மேக்னெட்" என்றே சொல்வோம். பழைய நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்க்கேஸுக்கு உள்ளேயே இரண்டு கனமான ஃப்ளைவீல்கள் இருக்கும். அவற்றைப் பிரிக்க எஞ்சினையே பிளக்க வேண்டும், பிரஸ் வேண்டும். அது வேறு வேலை.

1. எந்த வகை என்று முதலில் பாருங்கள்

மூடியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சுத்தம் 3-ஆம் பகுதியில் இருக்கிறது, அதை முடித்துவிடுங்கள். மூடியைக் கழற்றியதும் கருவியை எடுக்காதீர்கள். வெளிச்சம் வைத்து வீலின் நடுப்பகுதியை நன்றாகப் பாருங்கள். ஐந்து வகைகளில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

நட்டைச் சுற்றி, வீலின் நடுக்குழியின் உட்சுவரில் மெல்லிய மரை தெரிந்தால் அது திருகு புல்லர் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) வகை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலும் இதுதான்.

நட்டைச் சுற்றி மூன்று சிறிய மரைத் துளைகள் இருந்தால் தட்டுப் புல்லர் வகை. தட்டை மூன்று போல்ட்டால் வீலோடு பிணைத்து, நடு போல்ட்டால் கிராங்கைத் தள்ள வேண்டும்.

நட்டுக்குப் பதில் நடுவில் ஒரு போல்ட் இருந்தால், அதைக் கழற்றிய பின் வீலின் துளையில் அந்த போல்ட்டைவிடப் பெரிய மரை தெரியும். அந்த மரைக்குப் பொருந்தும் தள்ளு போல்ட்தான் கருவி.

சில எஞ்சின்களில் நட்டே புல்லராகவும் வேலை செய்யும். பழைய வெஸ்பா ஸ்கூட்டரில் நட்டின் விளிம்பை ஒரு சர்க்கிளிப் (பள்ளத்தில் அமரும் வளையக் கிளிப்) உள்ளே பிடித்திருக்கும். நட்டைத் திருப்பினால் முதலில் தளரும். சில சுற்றுக்குப் பின் மறுபடி இறுகும். புதியவர்கள் இங்கே மரை கெட்டுவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டாவது இறுக்கம்தான் வீலை இழுக்கும் கட்டம், தொடர்ந்து திருப்ப வேண்டும். வில்லியர்ஸ் எஞ்சின்களின் மேக்னெட்டோ (காந்த ஃப்ளைவீல்) நட்டும் இப்படித்தான் இரண்டு கட்டமாக வரும். சர்க்கிளிப் தளர்ந்தோ வளைந்தோ இருந்தால் முன்னதாகவே மாற்றுங்கள். பாதி இழுவையில் அது தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

கடைசி வகையில் டேப்பரே இருக்காது. பழைய டிரையம்ஃப், பிஎஸ்ஏ இரட்டை சிலிண்டர்களில் உள்ள லூகாஸ் ஆல்டர்னேட்டரின் (மின்சாரம் உண்டாக்கும் கருவியின்) சுழலும் பகுதியான ரோட்டர் நேரான தண்டில் கீயோடு அமர்ந்திருக்கும். முதலில் அதைச் சுற்றியுள்ள ஸ்டேட்டரை (சுற்றாமல் நிற்கும் காயில் தொகுப்பை) எடுத்துவிட்டு, ரோட்டரைக் கையால் உருவினால் பெரும்பாலும் வந்துவிடும். அங்கே புல்லரோடு போராடத் தேவையில்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அந்த எஞ்சினுக்கே உரிய புல்லர். இதில் சமரசம் வேண்டாம். மரையின் வெளி விட்டம், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி, வலது மரையா இடது மரையா என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 27 மில்லிமீட்டர் விட்டத்திலேயே 1 மில்லிமீட்டர் இடைவெளியும் 1.25 இடைவெளியும் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்று இரண்டு சுற்று ஏறி, "பொருந்திவிட்டது" என்று ஏமாற்றும்.

மூன்று கால் புல்லரைக் கொண்டுவராதீர்கள். அது வீலின் வெளி விளிம்பைப் பிடித்து இழுக்கும். விளிம்பும் நடுக்கூடும் பல வீல்களில் தனித்தனித் துண்டுகள், ரிவெட்டால் சேர்த்தவை. விளிம்பை இழுத்தால் ரிவெட் தளரும், வீல் கோணும். அதன் பின் எவ்வளவு நேராகப் பொருத்தினாலும் ஆடிக்கொண்டே சுற்றும்.

இவற்றோடு வீலைப் பிடிக்கும் பட்டைக் கருவி, ஆறு முக சாக்கெட், நீளமான கைப்பிடி, பித்தளைத் தூரிகை, பெட்ரோல் இல்லாத ஏதாவது துப்புரவுத் திரவம், துருப்பிடி தளர்த்தும் எண்ணெய், கொஞ்சம் கிரீஸ், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்), கண்ணைக் காக்கும் கண்ணாடி. கண் கண்ணாடியைக் கடைசியில் சொன்னாலும் முதலில் மாட்டுங்கள்.

3. சுத்தம், படம், குறி

பேட்டரியைத் துண்டியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சின் தடையில்லாமல் சுற்ற இது வேண்டும். மூடிக்குள் ஆயில் இருக்கும் எஞ்சின் என்றால் வடித்துவிடுங்கள்.

மூடியைத் திறப்பதற்கு முன்பே வெளிப்புறத்தைக் கழுவிவிடுங்கள். காந்தம் திறந்து கிடக்கும்போது ஒவ்வொரு இரும்புத் துகளும் அதைத் தேடிப் போய் ஒட்டும்.

வயர் போகும் வழி, வீலில் உள்ள டைமிங் கோடு, கேஸில் உள்ள கோடு என எல்லாவற்றையும் படம் எடுங்கள். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் கீயே கிடையாது, குறியை வைத்துத்தான் வீலை அமர்த்த வேண்டும். அந்தக் குறி தெரியாமல் கழற்றிவிட்டால் டைமிங்கை முதலிலிருந்து பிடிக்க வேண்டிவரும். ஸ்டேட்டர் தட்டின் இருப்பையும் கேஸில் ஒரு கீறல் போட்டுக் குறித்து வையுங்கள்.

4. சுற்றாமல் பிடிப்பது

வீலின் வெளி விளிம்பைப் பட்டைக் கருவியால் பிடிப்பதே நல்லது. முறுக்கு முழுவதும் வீலிலேயே தொடங்கி வீலிலேயே முடிந்துவிடும், உள்ளே எதற்கும் சேதம் வராது. வீலில் துளைகள் இருந்தால் இரண்டு முளை உள்ள பிடிகருவியும் சரிதான்.

அந்தத் துளை வழியாக ஸ்குரூ டிரைவரை நுழைத்துக் கேஸில் முட்டுக் கொடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பின்னாலேயே காயில் இருக்கிறது. ஒரு முறை நழுவினால் மெல்லிய கம்பிச் சுற்று அறுந்துபோகும். ஸ்கூட்டர் வீலாக இருந்தால் காற்றாடி இதழ்களைப் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும்.

பட்டை இல்லாத நேரத்தில் பிளக் துளை வழியாகக் கயிறு விட்டுப் பிஸ்டனை நிறுத்தும் வழி உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில், நட் கழலும் திசையில் கிராங்கைத் திருப்பி, பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் போர்ட்டை (புகை வெளியேறும் துளையை) மூடிய பிறகுதான் கயிற்றை நுழைக்க வேண்டும். போர்ட் திறந்திருக்கும்போது நுழைத்தால் கயிறு அதில் மாட்டி நசுங்கும், பிஸ்டன் ரிங்கையும் உடைக்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை வேண்டும். பருத்த மென்கயிறாக எடுத்து, வெளிமுனையில் முடிச்சுப் போட்டு வையுங்கள். பிளக் துளையில் இரும்புக் கம்பியைச் செருகிப் பிஸ்டனை நிறுத்துவதை ஒருநாளும் செய்யாதீர்கள். பிஸ்டன் அலுமினியம், கம்பி இரும்பு.

5. நட்டை எடுப்பது

திருப்பும் முன் மரையின் சாய்வைப் பாருங்கள். கிராங்கின் முனை நட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கும். அந்த மரைக்கோடுகளைத் தண்டு நிமிர்ந்து நிற்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். வலப்பக்கமாக மேலேறினால் வலது மரை, இடப்பக்கமாக மேலேறினால் இடது மரை. இடது மரை நட்டை வழக்கமான திசையில் "கழற்ற" முயன்று இறுக்கிக்கொண்டே போய்த் தண்டை முறித்தவர்கள் உண்டு. பத்து நொடி பார்ப்பது போதும், அதைத் தவிர்க்கலாம்.

சாக்கெட் ஆறு முகம் உள்ளதாக, முழு ஆழம் அமர்வதாக இருக்கட்டும். வாஷரின் எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று பார்த்து, நட்டோடு கோர்த்து வையுங்கள்.

6. புல்லரை உட்கார வைப்பது

வேலையே இங்கேதான் இருக்கிறது. நான் பார்த்த கெட்டுப்போன வீல்களில் பெரும்பாலானவை இழுக்கும்போது கெட்டவை அல்ல. புல்லர் சரியாக அமராததால் கெட்டவை.

முதலில் வீலின் மரையைச் சுத்தம் செய்யுங்கள். பல வருடத் துருவும் காய்ந்த எண்ணெயும் அடியில் படிந்திருக்கும். பித்தளைத் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, விரல் நகத்தை மரையில் ஓட்டிப் பாருங்கள். அடிவரை ஒவ்வொரு சுற்றும் தெரிய வேண்டும்.

அடுத்து, புல்லரின் நடு போல்ட்டை முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். புதியவர்கள் தவறும் முதல் இடம் இது. நடு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால், புல்லர் இரண்டு மூன்று சுற்று ஏறியதுமே போல்ட் கிராங்கில் முட்டும். "இதற்கு மேல் போகவில்லை, முழுதாக ஏறிவிட்டது" என்று நினைத்து இழுக்கத் தொடங்குவார்கள். முழு இழுவையும் இரண்டு சுற்று மரையின் மேல் விழும், மரை உரிந்து வரும். அதன் பிறகு அந்த வீலைக் கழற்ற வெல்டிங் வரை போக வேண்டியிருக்கும்.

புல்லரை வெறும் கையால் ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் அது தவறான புல்லர், அல்லது சுத்தம் போதவில்லை, அல்லது கோணலாக ஏறுகிறது. ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். கை நின்ற பிறகு எத்தனை சுற்று ஏறியது என்று எண்ணி, வீலில் உள்ள மரையின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். முழுதும் ஏறியது உறுதியானால் ஸ்பேனரால் ஒரு மெல்லிய இறுக்கு.

புல்லர் மரை இடது மரையாக இருந்தால் இன்னொன்றும் கவனம். நடு போல்ட்டை வலப்பக்கம் இறுக்கும்போது புல்லரின் உடலும் கூடவே சுற்றப் பார்க்கும். வலது மரை என்றால் அந்தச் சுற்று புல்லரை மேலும் இறுக்கும். இடது மரை என்றால் அதே சுற்று புல்லரைக் கழற்றும். எனவே உடலை இன்னொரு ஸ்பேனரால் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று துளைத் தட்டு என்றால் போல்ட்டின் நீளம்தான் எல்லாம். குட்டையாக இருந்தால் மரையை உரிக்கும். நீளமாக இருந்தால் வீலைக் கடந்து பின்னால் உள்ள காயிலில் குத்தும். துளையின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து, அதற்கேற்ற போல்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் ஒரே ஆழம் ஏறி, தட்டு வீலுக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் இழுவையும் சாயும்.

7. இழுப்பது

நடு போல்ட்டின் மரையிலும் மூக்கிலும் கிரீஸ் தடவுங்கள். மூக்கு கிராங்க் முனையின் நடுக்குழியில் சரியாக அமர்கிறதா பாருங்கள். கிராங்க் முனையில் உள்மரை இருந்தால் மூக்கு அதற்குள் இறங்கி மரையின் வாயை விரித்துவிடும். இடையில் கெட்டியான சிறு இரும்பு வில்லை வையுங்கள்.

இனி போல்ட்டை நிதானமாக இறுக்குங்கள். இறுக்கம் கூடிக்கொண்டே போகும். பிறகு ஒரு கட்டத்தில் "டக்" என்று சத்தம் வரும், கையில் இறுக்கம் சட்டென்று விடும். அவ்வளவுதான். இடது கை வீலின் கீழே இருக்கட்டும். வீல் கனமானது, காலில் விழும்.

நடு போல்ட்டில் இம்பாக்ட் கருவி போடாதீர்கள். எவ்வளவு இறுகுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டிய இடம் இது.

8. வரவில்லை என்றால்

கெட்டியாக இறுக்கியும் வரவில்லை என்றால் மேலும் மேலும் இறுக்காதீர்கள். இழுவையை அப்படியே வைத்துவிட்டு, நடு போல்ட்டின் தலையில், போல்ட்டின் நேர்கோட்டில், சிறிய சுத்தியலால் ஒரு சுருக்கமான தட்டு தட்டுங்கள். தட்டு மென்மையாக இருக்கட்டும். டேப்பருக்கு அதிர்வு போதும். மறுபடி கால் சுற்று இறுக்கி மறுபடி ஒரு தட்டு.

இதை இரண்டு மூன்று முறை செய்தும் அசையாவிட்டால் தளர்த்தும் எண்ணெயை டேப்பரின் வாயில் விட்டு, இழுவையோடு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வீல் தானாகக் கழன்று புல்லரோடு தொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொறுமைதான் இங்கே மலிவான கருவி.

அதற்கும் மசியாததை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கலாம். வீலின் நடுக்கூட்டை மட்டும், சுற்றிச் சுற்றி. கூடு விரிந்தால் பிடி தளரும். எச்சில் பட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவு போதும். அதற்கு மேல் போனால் பின்னால் உள்ள ஆயில் சீல் கருகும், காயிலின் பூச்சு உருகும். தீச்சுடர் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்கையும் எண்ணெய் ஊறிய துணிகளையும் முன்னதாகவே அப்புறப்படுத்துங்கள்.

எந்த நிலையிலும் கிராங்க் முனையை நேரடியாக அடிக்காதீர்கள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய இரண்டு ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே துண்டல்ல. இரண்டு பக்கத் தட்டுகளும் நடு பின்னும் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தவை. முனையில் விழும் பலத்த அடி அந்தத் தட்டுகளை நகர்த்தும். பட்டறைக்கு வந்த ஓர் இளைஞரின் எஞ்சினில் ஃப்ளைவீல் அழகாகக் கழன்றிருந்தது. ஆனால் பொருத்திய பின் கைப்பிடி நடுங்கியது, சில நாளிலேயே பேரிங் ஊளையிட்டது. கிராங்கை எடுத்துச் சுற்றிப் பார்த்தபோது இரண்டு முனையும் ஒரே கோட்டில் இல்லை. நான்கே அடிதான் அடித்ததாக அவர் சொன்னார். அந்த நான்கு அடியைச் சரிசெய்ய எஞ்சினை முழுதாகப் பிளக்க வேண்டியிருந்தது.

9. கழன்ற கையோடு

கீயை உடனே எடுத்து வையுங்கள். ஒரு முனையில் மெல்லத் தட்டினால் மறுமுனை எழும், பிடித்து உருவிவிடலாம்.

வீலைக் காந்தம் மேலே தெரியும்படித் தரையில் வைக்காதீர்கள். துணியில் சுற்றி உறையில் போடுங்கள். பழைய அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தங்கள் அடிபட்டால் வலுவிழக்கும். நெடுநாள் திறந்து கிடந்தாலும் மெல்ல வலுவிழக்கும். எனவே உள்வட்டத்தில் காந்தங்களை இணைக்கும்படி ஒரு மென்னிரும்புத் துண்டைப் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

10. டேப்பரைப் படிப்பது

புதியவர்கள் நேரே பிளாட்டினத்துக்கோ (பொறிக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்) ஆயில் சீலுக்கோ போய்விடுவார்கள். அதற்கு முன் கிராங்கின் கூம்பைத் துடைத்துப் பாருங்கள். ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம் என்றால் நல்லது. செம்பழுப்புப் பொடி தெரிந்தால் வீல் டேப்பரில் நுண்ணியதாக அசைந்துகொண்டிருந்தது என்று பொருள். கீ வெட்டுப்பட்டிருந்தாலும் காரணம் பெரும்பாலும் அதுதான். புதுக் கீ போட்டால் மட்டும் தீராது, பிடியைச் சரிசெய்ய வேண்டும்.

லேசான கீறல்களுக்கு வால்வு தேய்க்கும் நைஸ் பசை போதும். கீயை எடுத்துவிட்டு, கூம்பில் மெல்லப் பூசி, வீலைக் கையால் முன்னும் பின்னும் திருப்பித் தேய்க்கவும். பிறகு பசை துளியும் மிஞ்சாமல் கழுவி, கூம்பில் மார்க்கர் மை பூசி, வீலை அழுத்தித் திருப்பி எடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், குறிப்பாகப் பருத்த முனையில், தொட வேண்டும். ஆழமான பள்ளம் இருந்தால் பசையால் ஆகாது, லேத்துக்குக் கொடுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் என்றால், மூடியைத் திறந்தது வேறு வேலைக்காக இருந்தாலும் இந்தப் பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். சீல் கசிந்தால் எஞ்சின் வெறும் காற்றை உறிஞ்சும், கலவை மெலியும் (பெட்ரோலின் பங்கு குறையும்), பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

11. திரும்பப் பொருத்துவது

கூம்பும் துளையும் உலர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். "அடுத்த முறை சுலபமாக வரட்டும்" என்று கிரீஸ் தடவுகிறார்கள். உலோகத்தை உலோகம் கவ்வுவதுதான் இங்கே பிடி. நடுவில் கிரீஸ் இருந்தால் அந்தப் பிடி குறையும், பாரம் கீயின் மேல் போகும், கீ வெட்டுப்படும்.

பொருத்தும் முன் காந்தத்தின் உள்வட்டத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் ஒரு சிறு வாஷர் முதல் உதையிலேயே காயிலைக் கிழித்துவிடும்.

கீ அதன் பள்ளத்தில் கூம்பின் சரிவுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். வீலை ஏற்றும்போது கீ பின்னுக்கு நழுவி மேலெழுந்தால், வீல் டேப்பரில் அமராமல் கீயின் மேல் ஏறி நிற்கும். ஏற்றிய பின் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.

வாஷர், நட், பிறகு அந்த எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச். கிராங்கைப் பிடிக்க அதே பட்டைக் கருவி. வீலைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், நட் இறுகும்போது அதுவே ஏறும்.

பிளக் போடும் முன் கையால் நான்கு சுற்றுச் சுற்றிக் காதைக் கொடுங்கள். உரசும் சத்தம் கேட்டால் ஸ்டேட்டர் திருகுகளைப் பாருங்கள். பிளாட்டினம் இடைவெளியை இப்போதே வைத்துவிடுங்கள். பழைய மேக்னெட்டோக்கள் பலவற்றில் அது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். வீலில் உள்ள ஜன்னல் போன்ற திறப்பு வழியாகவே அளக்கலாம். மூடியைப் பூட்டி, சிறிது தூரம் ஓட்டி வந்து, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து நட்டின் இறுக்கத்தை இன்னொரு முறை பாருங்கள்.